பாயோரம் கிடந்த கட்டு

“காத்து உன் கூரையத் தொட்டாப் போதும் உனைசி. பணம் வந்து வாசல்ல நிக்கும்.”

“தொட்டாப் போதுமா, தூக்கிட்டுப் போகணுமா?”

“தொட்டாப் போதும்.”

“காத்து தினமும்தான் தொடுது. தினமும் தருவியா?”

“உன்கிட்ட வாய் குடுக்கக் கூடாதுங்கிறது இந்தப் பன்னெண்டு வருஷத்துல மறந்தே போச்சு எனக்கு.”

“மறந்தது அது மட்டுமா? சரி, அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்கு? ஒம்போது பக்கம் இருக்கே.”

“அது கெடக்கட்டும். லபாசா டவுன்ல ரெண்டு நாள் பாடம் நடத்தினாங்க. எங்க மேனேஜரே நின்னு சொன்னாரு. கிராமத்துக்குப் போனா காகிதத்தப் பிரிக்காத, சனங்க பயந்துடும். யங்கோனாவ வை, கூரைன்னு சொல்லு, கையெழுத்த வாங்குன்னாரு. நான் அதத்தான் செய்யறேன்.”

“அப்ப உனக்கே தெரியாது, உள்ள என்னன்னு.”

“மரவள்ளி கருகுது பாரு. கிண்டு.”

அன்று நான் கிண்டினேன். அவன் எழுந்து சபை மண்டபத்துக்குப் போனான். நானும் நெமானியும் மட்டும் அடுப்படியில் பேசிய அந்தப் பேச்சைப் பதினான்கு மாதங்களாக மனதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நெமானி என் அத்தை மகன். எங்கள் தீவில், நத்தேவா வளைகுடாப் பக்கம், முறைக்காரர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கல்யாணம் செய்துகொண்டாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இருபத்து நான்கு வயதில் அவன் பட்டாளத்தில் சேர்ந்து பாலைவனத்தில் காவல் நிற்கப் போனான். பேருந்து கிளம்பியபோது நான் ஒரு கூடை ஈரப்பலாவைக் கொடுத்துவிட்டு, “வெயில்ல கறுத்துப் போயிடுவ, இப்பவே பாக்கிற மாதிரி இல்ல,” என்று மட்டும் சொன்னேன். சொல்ல வேண்டியது வேறு. அதற்குப் பிறகு நான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், கடல் திராட்சைப் பாசி பறித்துச் சனிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோகவே நேரம் சரியாக இருக்கிறது என்பேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து அவன் வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிற வேட்டியுமாக, காப்பீட்டுக் கம்பெனியின் முகவராக வந்து இறங்கினான். கையில் செய்தித்தாளில் சுற்றி நாடா கட்டிய யங்கோனா வேர்க் கட்டு; இடித்து மரத்தொட்டியில் கரைத்து எல்லோரும் சேர்ந்து குடிக்கும் வேர். வந்தவன் அந்தக் கட்டைத் தலைவர் முன் வைத்து உள்ளே வர அனுமதி கேட்பதும், அதை ஏற்றுக்கொண்டு நாங்கள் மூன்று முறை கைதட்டுவதும் எங்கள் வழக்கம். தட்டிய பிறகு அவன் எங்கள் விருந்தாளி. விருந்தாளி தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து சொல்லும் பேச்சைக் குறுக்கே கேள்வி கேட்டு நிறுத்துவது அவனை அவமானப்படுத்துவது. அதைவிடப் பெரிது, அவனை ஏற்றுக்கொண்ட தலைவரை அவமானப்படுத்துவது.

அதனால் அன்று மண்டபத்தில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “காத்து கூரையத் தொட்டாப் பணம்,” என்று நெமானி சொன்னான். கைதட்டினோம். எங்களுக்கு ஒப்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பிறகு வந்த காகிதம், யார் யார் வந்திருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளும் பட்டியலைப் போலத்தான் எங்களுக்குப் பட்டது. மாதர் குழுவின் செயலாளர் நான். முதல் கையெழுத்து என்னுடையது. என்னைப் பார்த்து மற்ற முப்பது வீடுகளும் போட்டன.

மார்ச் மாதம் புயல் வந்தது. மதியம் இரண்டு மணிக்குத் தேவாலயத்தின் தகரம் முதலில் கழன்றது. நாலு மணிக்குள் முப்பத்தொரு வீடுகளில் இருபத்தாறுக்குக் கூரை இல்லை. என் வீட்டுக் கூரை பக்கத்து வீட்டு அரியெத்தாவின் சேப்பந்தோட்டத்தில் போய்க் கிடந்தது. அவள் கூரையைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று வாரத்தில் கம்பெனியின் கடிதம் வந்தது. எங்கள் கிராமத்துக்கான காற்று, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காற்றுமானியில் அளக்கப்படுகிறதாம். அங்கே அன்றைக்குக் காற்று குறித்த வேகத்தைத் தொடவில்லையாம். ஆகவே இழப்பீடு இல்லை. ஆறாம் பக்கம், ஏழாம் பத்தி.

அரியெத்தா கடிதத்தை வாங்கி ஒரு முறை படித்தாள். “காத்து அடிக்கலன்னா நம்ம கூரையெல்லாம் தானா எறங்கி நடந்து போச்சா? எங்கூட்டுது கோவிச்சுக்கிட்டுக் கடலுக்கே போயிடுச்சு போல.”

சிரித்தோம். சிரித்து முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

சாவுசாவுவில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு நானும் அரியெத்தாவும் மூன்று முறை போனோம். மூன்றாவது முறை அங்கிருந்த பெண், பாவம், சின்னப் பெண், “அக்கா, நீங்க படிச்சிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க? இங்க எழுதியிருக்கே, ‘எனக்கு விளக்கப்பட்டது, எனக்குப் புரிந்தது’ன்னு,” என்றாள்.

“விளக்கினது வேற, எழுதினது வேற,” என்றேன்.

“அதுக்கு என்கிட்ட ஃபாரம் இல்லக்கா.”

எதற்குத்தான் ஃபாரம் இருக்கிறது என்று எனக்குள் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கம்பெனி மேல் குறை இருந்தால் தலைநகர் சூவாவில் இருக்கும் காப்பீட்டு மேற்பார்வை அலுவலகத்துக்கு எழுதலாம் என்று வானொலியில் சொன்னார்கள். எழுதினேன். எட்டு பக்கம். கம்பெனிக் காகிதத்தைவிட ஒரு பக்கம் குறைவாக இருக்க வேண்டும் என்று அரியெத்தா பிடிவாதம் பிடித்தாள்.

ஐந்து வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. காமினி பிரசாத் என்ற அதிகாரி. எட்டு பக்கத்தையும் படித்திருந்தார் என்பது அவர் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது.

“உனைசி, விக்கிற ஆள் என்ன சொல்லி விக்கிறாரோ அதுக்குக் கம்பெனிதான் பொறுப்பு. சட்டம் அதுல உங்க பக்கம். ஆனா அவர் அப்படித்தான் சொன்னார்னு நான் நிலைநாட்டணும். காகிதத்த முழுசா வாசிச்சுக் காட்டச் சொல்லித்தான் அனுப்பினோம்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு.”

“முப்பத்தொரு வீட்டு ஆளுங்க காதால கேட்டோம்மா.”

“முப்பத்தொரு பேரும் பணம் கேக்கறவங்க. அதத்தான் அவங்க சொல்லுவாங்க. கம்பெனிப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வாயத் தெறந்தா கதை வேற.”

“முகவரக் கேட்டீங்களா?”

“எழுதிக் கேட்டேன். ‘பத்திரத்தில் உள்ளபடி விளக்கினேன்’னு ஒரு வரி வந்துச்சு. தட்டச்சு அடிச்சது. நவம்பர்ல நானே உங்க கிராமத்துக்கு வரேன். அவரும் மேனேஜரும் வருவாங்க. அன்னிக்கு முடிவு எழுதிடுவேன்.”

நெமானி அடுப்படியில் என்னிடம் சொன்னதை நான் காமினியிடம் சொல்லவில்லை. நான் சொன்னால் அது பணம் கேட்கிறவள் பேச்சாகத்தான் நிற்கும். எங்களுக்குக் கூரையும் வராது, அவனுக்கு வேலையும் போய்விடும். அந்தச் சம்பளத்தில்தான் லபாசாவில் அவன் அம்மாவின் மருந்துச் செலவு நடக்கிறது. அவன் அம்மா என் அத்தை. நான் பிறந்தபோது முதலில் தூக்கியவர்.

அது அவனாகச் சொல்ல வேண்டியது. அவனைச் சொல்லச் சொல்லி யாராவது கேட்க வேண்டும். கேட்க வேண்டியது நான்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவன் வந்தான். வெள்ளைச் சட்டை இல்லை. வாடகை வண்டியின் மேல் பன்னிரண்டு தகரமும் ஒரு டப்பா ஆணியும். தலைவரிடம் போய் யங்கோனா வைத்துவிட்டு நேரே என் சமையல்கட்டின் மேல் ஏறினான்.

“கம்பெனி அனுப்பிச்சுதா, நீயா வந்தியா?” கீழே நின்று கேட்டேன்.

“நானாத்தான்.”

“பன்னெண்டு தகரம். முப்பத்தொரு வீடு. கணக்கு எப்படி?”

“உன் கணக்குக்கு என்னால ஈடு குடுக்க முடியாது. ஆணிய எடுத்துக் குடு.”

எடுத்துக் கொடுத்தேன். அவன் அடித்த ஒவ்வொரு ஆணியும் நேராகத்தான் இறங்கியது. பட்டாளத்தில் கற்றிருப்பான். மதியம் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் மரவள்ளியும் போட்டேன். எலுமிச்சை இலைத் தேநீர் கொடுத்தேன். அவன் பாயில் உட்கார்ந்து தலை குனிந்து சாப்பிட்டான். கேள் என்று அந்தக் குனிந்த தலை சொன்னதைப் போலவும் இருந்தது, கேட்டுவிடாதே என்று சொன்னதைப் போலவும் இருந்தது.

“அத்தைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“பரவால்ல. உன்னத்தான் கேக்கறாங்க.”

“என்னன்னு?”

“அந்த வாய்க்காரி இன்னும் அப்படியேதான் இருக்காளான்னு.”

“என்ன சொன்ன?”

“மோசமாயிட்டான்னேன்.”

அதோடு அவன் போய்விட்டான். வண்டி திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்த அரியெத்தா வேலியோரம் வந்தாள்.

“கேட்டியா?”

“இல்ல.”

“நல்லா சோறு போட்ட. மீன்காரி மாதிரி ஊர்ல எல்லார்கிட்டயும் சண்டை போடற வாய், அவன்கிட்ட மட்டும் தேத்தண்ணி ஊத்துது. என் வீட்டுக்குள்ள மழை பேயறப்ப இதயும் நெனச்சுக்கோ.”

அவள் சொன்னதில் தவறில்லை. அவளும் புருஷனும் மூன்று பிள்ளைகளும் ஐந்து மாதமாக ஒரு நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார்கள். அடுத்த புயல் காலம் நவம்பரில் தொடங்கிவிடும்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு தலைவர் கூப்பிட்டனுப்பினார். என் அப்பாவின் அண்ணன். பெரியப்பா பாயில் உட்கார்ந்திருந்தார்; அவர் முன்னால் ஒரு தம்புவா. திமிங்கிலத்தின் பல், தென்னங்கயிறு கட்டியது, எண்ணெய் தடவித் தடவிப் பழுப்பேறியது. எங்களிடம் பெரிய வேண்டுகோள் எதுவும் வெறுங்கையோடு போவதில்லை. பெண் கேட்பதானாலும், மன்னிப்புக் கேட்பதானாலும் தம்புவாவோடுதான் போவோம். அதைக் கையில் வாங்கியவன் மறுக்க முடியாது.

“இது உங்க தாத்தாவோடது. எடுத்துக்கிட்டு லபாசாவுக்குப் போ. அந்தப் பய முன்னால வை. வாங்கினான்னா சொல்லித்தான் ஆகணும்,” என்றார் பெரியப்பா.

நான் அதைத் தொடவில்லை.

“என்னம்மா, கனம் பத்தாதா?”

“கனம் ஜாஸ்தி பெரியப்பா. விசாரணையில அந்த மேனேஜர் கேப்பாரு, ‘இந்த ஆளுக்குக் கிராமம் என்ன குடுத்துச்சு’ன்னு. பல்லு குடுத்தோம்னா, விலை குடுத்து வாங்கின சாட்சிம்பாரு. அந்த அம்மா எழுதற முடிவு அதுலயே ஒடஞ்சிடும்.”

பெரியப்பா தம்புவாவைத் துணியில் சுற்றி வைத்தார். “அப்ப வெறுங்கையோட கேப்பியா?”

“ஆமா.”

“அவன் மாட்டேன்னு சொல்லலாமே.”

“சொல்லலாம். மாட்டேன்னு சொல்ல வழி இருக்கறவன் சரின்னு சொன்னாத்தான் அது சாட்சி.”

அதை அவ்வளவு தைரியமாகச் சொன்னேனே தவிர, திரும்பி வரும்போது பயமாகத்தான் இருந்தது. வெறுங்கையோடு ஒன்றைக் கேட்பதை எங்கள் ஊரில் சிறு குழந்தைகள்கூடச் செய்வதில்லை. எனக்கு வேறு பயமும் இருந்தது. அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் கூரை மட்டும் போகாது.

விசாரணை காலை பத்து மணிக்கு. மண்டபத்துக்கு இன்னும் பாதிக் கூரைதான். கிழக்குப் பக்கம் திறந்து கிடந்தது. அந்த வழியே வந்த வெயில் தாழம்பாயில் ஒரு பெரிய சதுரமாக விழுந்திருந்தது. விருந்தினர்களுக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று நாற்காலிகள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஊர் முழுக்கத் தரையில்.

காமினி பிரசாத் சின்ன உருவம், மூக்குக் கண்ணாடி, கணுக்கால் வரை பாவாடை. தன் யங்கோனாக் கட்டை வைத்து, தப்பும் தவறுமாக எங்கள் மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னார். அரியெத்தாவின் புருஷன்தான் சபையில் தலைவருக்காகப் பேசுகிறவர். அவர் கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். கைதட்டினோம். காமினி நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்து மடியில் கோப்பை விரித்துக்கொண்டார்.

அடுத்து மேனேஜர். காலின் என்று பெயர். வெளிநாட்டுக்காரர், ஆனால் இங்கே பத்து வருடமாக இருப்பவர். அவருடைய கட்டு பெரியது, சிவப்பு நாடா கட்டியது. அதை முறைப்படி இரண்டு கையாலும் ஏந்தி, மண்டியிட்டு, வார்த்தை ஒன்றுகூடப் பிசகாமல் அனுமதி கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்கே அவ்வளவு சுத்தமாக வராது. அவருக்குப் பின்னால் நெமானி, வெள்ளைச் சட்டையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரியெத்தாவின் புருஷன் பழக்கத்தில் கையை நீட்டினார்.

“தொட வேண்டாம்,” என்றேன்.

அந்தச் சடங்கின் நடுவில் ஒரு பெண் பேசி நான் கேட்டதில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. என் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“பெரியப்பா, இதத் தொட்டா இவரு விருந்தாளி. விருந்தாளிய நாம கேள்வி கேக்க மாட்டோம். போன தடவ அதுதான் நடந்துச்சு. அன்னிக்கு நாம கேள்வி கேக்காததுதான் ஆறாம் பக்கமா வந்து நிக்குது. இன்னிக்குக் கேள்வி கேக்கணும்.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு கட்டைப் பார்த்தார். இருநூறு வருடமாக அந்த மண்டபத்தில் எந்தக் கட்டையும் யாரும் தொடாமல் விட்டதில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

“கெடக்கட்டும். அது அங்கேயே கெடக்கட்டும்,” என்றார்.

காலினின் முகம் சிவந்தது. “ஐயா, நான் முறைப்படிதானே வந்திருக்கேன்?”

“முறையில ஒரு கொறையும் இல்ல. பேசி முடிச்சிட்டு, ஏத்துக்கற மாதிரி இருந்தா ஏத்துக்கறோம். அதுவரைக்கும் நீங்க விருந்தாளி இல்ல, கம்பெனி.”

காமினி பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். கட்டு பாயோரத்தில் கிடந்தது. எல்லோருடைய கண்ணும் திரும்பத் திரும்ப அதன் மேலேயே போனது.

பேச்சு தொடங்கியது. எங்கள் ஊரில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. யங்கோனாத் தொட்டி காலியாக ஓரத்தில் இருக்க, முப்பத்தொரு வீடும் கேள்வி கேட்டது.

“மலைக்கு அந்தப் பக்கம் அளக்கறதுன்னா, எங்க வீட்டுக்கு ஏன் வித்தீங்க? அந்தப் பக்கத்துலயே விக்க வேண்டியதுதானே?” என்றாள் அரியெத்தா.

“பத்திரத்துல எழுதியிருக்கும்மா. எல்லாருக்கும் படிக்கத் தெரியும்தானே?”

“தெரியும். அதனாலதான் உங்க கடிதத்தப் படிச்சுச் சிரிச்சோம்.”

மண்டபம் சிரித்தது. காமினிகூடக் குனிந்துகொண்டார்.

காலின் கோபப்படாமல் பேசினார். அதுதான் அவருடைய பலம். “நான் உங்க கஷ்டத்தக் குறைச்சுப் பேசல. ஆனா கம்பெனிக்குக் காகிதம்தான் சாட்சி. பாய்ல உக்காந்து யார் என்ன பேசினாங்கங்கிறத வச்சு நடத்த முடியாது. யங்கோனா மரியாதைக்கு வச்சது. வியாபாரம் காகிதத்துல நடந்தது.”

“அப்படியா,” என்றார் காமினி. கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். “போன வருஷம் செப்டம்பர். உங்க கம்பெனி எனக்குக் குடுத்த செலவுச் சீட்டு. ‘யங்கோனா, ஒரு கிலோ. விற்பனைச் செலவு.’ கீழ உங்க கையெழுத்து. மரியாதைச் செலவுன்னு எழுதலையே?”

காலின் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் முன்னால் நகர்ந்தேன். “அம்மா, நான் ஒண்ணு சொல்லிக்கலாமா? இவங்க காகிதத்தோட வந்திருந்தா நாங்க காகிதத்தக் கேள்வி கேட்டிருப்போம். இவங்க எங்க வாசல் வழியா வந்தாங்க. எங்க வாசல் வழியா வந்தா நாங்க வாயத் தெறக்க மாட்டோம்னு தெரிஞ்சுதான் வந்தாங்க. எங்க மரியாதையத் தாழ்ப்பாளா போட்டுட்டு உள்ள வியாபாரம் பண்ணினாங்க. கூரை போனதுகூடப் பரவால்ல. அத மறுபடி போட்டுக்குவோம். இதக் கேக்காம விட்டா அடுத்த ஊருக்கும் ஒரு கட்டோடதான் போவாங்க.”

“நல்ல பேச்சு,” என்றார் காலின். இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. “ஆனா இந்த அம்மாவும் பணம் கேக்கறவங்கதான். எங்க முகவர் இங்கேயே இருக்காரு. அவரையே கேளுங்க.”

காமினி நெமானியைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்லி வித்தீங்க?”

நெமானி எழுந்திருக்கவில்லை. கையிரண்டும் முழங்கால் மேல் இருந்தன. “பத்திரத்தில் உள்ளபடி விளக்கினேன்,” என்றான். எழுத்தில் பேசுவதைப் போல ஒவ்வொரு வார்த்தையாக.

“வேற எதுவும் சொல்லலையா?”

அவன் பாயில் விழுந்த வெயில் சதுரத்தைப் பார்த்தான். “பத்திரத்தில் உள்ளபடி.”

மண்டபத்தில் ஒருவரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அரியெத்தாவின் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலின் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காமினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“வேற யாராவது ஏதாவது சொல்ல இருக்கா? இல்லன்னா நான் எழுதி முடிச்சிடறேன்.”

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். எனக்கு அது மட்டும்தான் கேட்டது. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் பேருந்தின் கதவு மூடியதும் இதே அளவுச் சத்தம்தான்.

தலைவருக்கு மேலாக எழுந்து நிற்கக் கூடாது. நான் மண்டியிட்டே நகர்ந்தேன். பெண்களைத் தாண்டி, வெயில் சதுரத்தைத் தாண்டி, சிவப்பு நாடா கட்டிக் கிடந்த அந்தக் கட்டைத் தாண்டி, நாற்காலிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பெரியப்பா மடியில் துணி சுற்றிய தம்புவாவை வைத்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் அதை என் பக்கம் மெல்ல நகர்த்தினார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

பக்கத்தில் பார்த்தபோது நெமானியின் சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. கட்டைவிரல் நகத்தில் பழைய கறுப்பு ரத்தக்கட்டு. ஆகஸ்டில் என் சமையல்கட்டில் ஒரே ஒரு முறை சுத்தியல் தவறியதால் வந்தது. இன்னும் வளர்ந்து போகவில்லை.

“என்ன பாக்கற?” என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. குரல் கரகரத்தது.

“கறுத்துட்ட. சொன்னேன்ல,” என்றேன்.

அவன் உதடு ஒரு பக்கம் அசைந்தது. உடனே கண் கலங்கிவிட்டது.

“அம்மா மருந்து இருக்கு உனைசி.”

“தெரியும். அத்தைய என் வீட்டுல வச்சுப் பாத்துக்கறேன். அந்தச் சமையல்கட்டுக்கு நல்ல கூரை இருக்கு. நீ போட்டதுதான்.”

பிறகு நான் குரலை உயர்த்தினேன். மண்டபத்தின் திறந்த பக்கம் வரைக்கும், அதற்கு அப்பால் கடல் வரைக்கும் கேட்கட்டும் என்று உயர்த்தினேன். இரண்டு கையையும் விரித்து, காலியான உள்ளங்கைகளை முதலில் காலினுக்கும், பிறகு காமினிக்கும், கடைசியில் அவனுக்கும் காட்டினேன்.

“நெமானி, என் கையில ஒண்ணும் இல்ல. எல்லாரும் பாத்துக்கோங்க. நீ மாட்டேன்னு சொல்லலாம். யாரும் உன்னை எதுவும் செய்ய முடியாது. பட்டாளத்துக்குப் போனப்ப உன்கிட்ட கேக்க வேண்டியதக் கேக்காம விட்டேன். ஆகஸ்டுல நீ என் கூரை மேல நின்னப்பவும் கேக்காம விட்டேன். இப்ப கேக்கறேன். அந்த நாற்காலிய விட்டு எறங்கி எங்க பாயில வந்து உக்காரு. அன்னிக்கு அடுப்படியில எங்கிட்ட சொன்னத, இவங்க எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லு.”